பால் வற்றினால் வற்றட்டும்

கோக்புலாக்
ஏப்ரல் 27, 2004

ஸபோஹத் அக்காவுக்கு,

உறையைப் பிரித்ததும் ஒரு ஃபிலிம் சுருள் விழுந்திருக்கும். அது உன் கேமராவில் எடுத்தது. அப்பா அந்தக் கேமராவை உடைத்துவிட்டார் என்றுதான் இரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருப்பாய். உடைக்கவில்லை. அன்றைக்கு அவர் உன் துணிகளை முற்றத்தில் வீசிக்கொண்டிருந்தபோது நான் கேமராவைக் கொண்டுபோய் மெத்தை அடுக்கின் நடுவில் செருகிக்கொண்டிருந்தேன். அதனால்தான் நீ போகும்போது நான் வாசலில் இல்லை.

எல்லோரும் தூங்கிய பிறகு எழுதுகிறேன். விளக்குப் போட முடியாது. கணப்பின் கதவைத் திறந்துவைத்து அந்த வெளிச்சத்தில் எழுதுகிறேன். அப்பா புரண்டு படுத்தால் நிறுத்திவிடுவேன். எழுத்து கோணலாக இருக்கும், பார்த்துச் சிரிக்காதே.

நீ போன பிறகு மேற்குச் சரிவில் பெருங்காயம் வெட்ட ஆட்கள் வந்தார்கள். நகரத்து ஒப்பந்தக்காரர் ஸஃபருடைய ஆட்கள். அவர்களுக்கு மேஸ்திரி நம் அப்பா. வேரின் தலையைச் சீவி, வடியும் பாலைச் சுரண்டி, மறுபடி சீவி, கடைசியில் ஒரு செடிகூட மிஞ்சவில்லை. போன வசந்தத்தில் மழை பெய்ததும் அந்த மொட்டைச் சரிவு சேறாக இறங்கித் துர்குனோய் அத்தையின் சமையலறைக்குள் புகுந்தது. அத்தையின் ரொட்டி அடுப்பு இன்னும் சேற்றுக்குள்தான் இருக்கிறது. இப்போது கிழக்குச் சரிவுக்கு அனுமதி கேட்டிருக்கிறார்கள். சோதனைக்கு என்று ஓரத்தில் வெட்டவும் தொடங்கிவிட்டார்கள். கிழக்குச் சரிவின் அடியில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியும். நீ பிறந்த வீடு.

பூத்த செடி நிற்கும் சரிவில் வெட்டக்கூடாது என்பது சட்டம். அது வாழ்நாளில் ஒரே தடவை பூக்கிறது, விதை போடுகிறது, செத்துப்போகிறது. பூத்ததை அழித்தால் அடுத்து முளைக்க ஒன்றும் இருக்காது. ஒப்பந்தக்காரர் மனுவில் 'பூத்த செடி ஒன்றும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இருக்கிறது அக்கா. சரிவின் மேல்பாதி மஞ்சளாக நிற்கிறது. மாகாண வன அலுவலகத்திலிருந்து பார்க்க வருவதற்குள் தண்டுகளை உடைத்து ஓடையில் தள்ளுகிறார்கள். தினம் கொஞ்சம்.

வெயில் நாளில் மேலே போக முடியாது. பெண் மிதித்தால் வேரில் பால் வற்றிவிடுமாம். போன வருடம் ஆட்டைத் தேடிப்போன அத்தையைக் கல் எறிந்து விரட்டினார்கள். ஆனால் மழை பெய்தால் பால் கரைந்து ஓடிவிடும் என்று அவர்கள் வெட்டமாட்டார்கள். சீவிய வேர்களுக்குத் தட்டைக் கல்லால் மூடி போட்டுவிட்டுக் கூடாரத்துக்குள் சீட்டாடுவார்கள். அதனால் நான் மழை நாளில் மட்டும் ஏறுகிறேன்.

இந்தச் சுருளைக் கழுவி, படங்களை மாகாண அலுவலகத்தில் கொடுத்துவிடு. என் பேரைச் சொல்லாதே. பதிலைக் கடைக்கார ஹோலிதா அண்ணியின் பேருக்கு அனுப்பு. எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனாலும் நாளைக்கு மேகம் கட்டினால் போவேன்.

ஓய்தின்

•

சமர்கந்து
மே 4

அடியே ஓய்தின்,

இரண்டு வருடத்தில் முதல் கடிதம். 'எப்படி இருக்கிறாய் அக்கா' என்று ஒரு வரி இல்லை. என் புருஷன் நல்லவனா, எனக்குக் குழந்தை உண்டா, ஒன்றும் கேட்கவில்லை. நேராகப் பெருங்காயத்துக்குப் போய்விட்டாய். நீ அப்பாவின் பெண்தான், சந்தேகமே இல்லை.

நீயே கேட்காவிட்டாலும் சொல்கிறேன். நன்றாக இருக்கிறேன். பெண் குழந்தை, ஐந்து பல். நான் ஒரு ஸ்டுடியோவில் கல்யாணப் படங்களுக்கு டச் அப் செய்கிறேன். பரு எடுப்பேன், தொப்பையைக் குறைப்பேன், மாப்பிள்ளைக்கு முடி வைப்பேன்.

வாசலில் உன்னைத் தேடினேன். பேருந்து திரும்பும் வரை தேடினேன். இனி அதைப் பற்றிப் பேசமாட்டேன்.

உன் சுருளைக் கழுவினேன். முதலாளி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, குளியலறை ஜன்னலா?" என்றார். பாதிப் படங்கள் வெறும் பால் நிறம். கேமரா நனையக்கூடாது என்று அதைக் கோட்டுக்குள்ளே வயிற்றோடு அணைத்துக்கொண்டு போயிருக்கிறாய், சரிதானே? சூட்டிலிருந்து எடுத்துக் குளிரில் நீட்டினால் கண்ணாடி வியர்க்கத்தான் செய்யும். பள்ளிப் பையில் வை, அது குளிர்ந்தே இருக்கட்டும். மேலே ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து, லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு ரப்பர் வளையம் மாட்டு. துடைக்கப் பழைய பருத்தித் துணி எடுத்துக்கொள். உன் கம்பளிச் சால்வையால் துடைக்காதே, கீறும். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு எடு.

தெளிவாக வந்த நாலு படங்களை அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். ஜன்னலில் இருந்தவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "சோம்பு மாதிரி இருக்கே. வீட்டுத் தோட்டமா?" என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. உயரம் தெரியவில்லை. பக்கத்தில் அளவு தெரிந்த ஏதாவது வேண்டும்.

ஆனால் நான் உன்னிடம் சொல்ல நினைத்தது வேறு. போகாதே. அவர்கள் கல் எறிந்தால் அது கல்தான். நீ பதினைந்து வயதுப் பெண். சேறு வந்தால் வீட்டைக் காலி செய்துகொண்டு போகட்டும், அப்பாவுக்கு அது புத்தியாக இருக்கும்.

புதுச் சுருள் ஒன்று வைத்திருக்கிறேன். போகாதே என்று சொல்லிவிட்டு இதையும் ஏன் வைக்கிறேன் என்று கேட்காதே.

ஸபோஹத்

•

கோக்புலாக்
மே 10

அக்கா,

குழந்தையின் பேர் என்ன? பல்லைச் சொன்னாய், பேரைச் சொல்லவில்லை.

நீ சொன்னபடியே செய்தேன். பை, ரப்பர் வளையம், பருத்தித் துணி, காற்றுக்கு முதுகு. நேற்றும் அதற்கு முந்தின நாளும் நல்ல மழை. அளவுக்கு வீட்டுத் தேநீர்க் கிண்ணம் ஒன்றைக் கொண்டுபோய்ச் செடியின் அடியில் வைத்து எடுத்தேன். ரொட்டிதான் எல்லோருக்கும் அளவு தெரிந்தது, ஆனால் ரொட்டியைத் தரையில் வைக்க மனம் வரவில்லை.

முந்தாநாள் ஒரு தப்பு செய்துவிட்டேன். போன வாரம் சீவிய வேரையும் படமெடுக்க ஒரு கல் மூடியைத் தூக்கிப் பக்கத்தில் வைத்தேன். அப்போது கூடாரத்தில் யாரோ இருமினார்கள். ஓடி வந்துவிட்டேன். மூடவில்லை.

அன்று இரவு அப்பாவோடு துர்தி அண்ணனும் சாப்பிட வந்தார். வெட்டும் ஆட்களில் வாயாடி அவர்தான். நான் சூப் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"நாலாவது வரிசைல ஒரு வேர் மேல கல்லைக் காணோம். பாலு பூரா மழையில போச்சு" என்றார் அப்பா.

"நரி தள்ளியிருக்கும் மேஸ்திரி."

"நரி தள்ளினா உருண்டு கிடக்கும். இது பக்கத்துல ஒழுங்கா வெச்சிருக்கு."

"அப்போ பள்ளிக்கூடத்துல படிச்ச நரி!" என்று துர்தி அண்ணன் சிரித்தார். "பாப்பா, உங்க வகுப்புல யாருக்காவது வாலு இருக்கா? நல்லா பாத்துச் சொல்லு."

நானும் சிரித்தேன். சிரிக்கவில்லை என்றால் அகப்பை கையிலிருந்து விழுந்திருக்கும்.

"அடுத்த மழைக்கு நானே மேல போய் உக்காரப் போறேன்" என்றார் அப்பா. "நரிக்கு எத்தனை காலுன்னு பாத்துடலாம்."

நாற்றத்தை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. வெயிலில் அவ்வளவு தெரியாது. மழையில் அந்தச் செடி ஊரையே கூப்பிடுகிறது. தலைமுடியில் ஏறினால் இறங்குவதே இல்லை. பள்ளியில் பக்கத்துப் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டாள். புளித்த தயிர் தேய்த்துக் குளித்தேன், மறுநாளும் குளித்தேன். அம்மா தயிர்ச் சட்டியை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுப் போனார்.

அப்பா அப்படிச் சொன்ன பிறகும் நேற்றுப் போனேன். வேறு பக்கமாக, ஓடை வழியாக ஏறினேன். பத்தடியில் எல்லாம் வெறும் நிழலாகத் தெரியும் மூடுபனி. மேல்பாதியில் மிகப் பெரிய செடி ஒன்று, ஒரு பாறைக்குப் பக்கத்தில். ஆறேழு தடவை எடுத்தேன். யாரையும் பார்க்கவில்லை. அப்பா கூடாரத்தில்தான் இருந்திருப்பார், மழையில் யார் உட்காருவார்கள்.

திரும்பும்போது பனி கொஞ்சம் விலகியது, எண்ணிப் பார்த்தேன். போன வாரம் இருந்ததில் பாதித் தண்டுகள்தான் நிற்கின்றன. நீ போகாதே என்கிறாய். பாதி போய்விட்டது அக்கா. நான் போகாமல் இருந்தால் மீதியும் போய்விடும், பிறகு எதை வைத்து நிரூபிப்பது? சேறு வரும்போது நீ சமர்கந்தில் இருப்பாய். நானும் அம்மாவும் இங்கே இருப்போம்.

ஓய்தின்

•

சமர்கந்து
மே 16

படித்த நரிக்கு,

உன் மருமகள் பேர் நஃபோசத். இப்போது ஆறு பல்.

கிண்ணம் உதவாது. படத்தில் கூழாங்கல் மாதிரி இருக்கிறது. தெரிந்தாலும், வீட்டுக்கு வீடு கிண்ணம் ஒரு அளவு என்பார்கள். ஆனால் ஒரு படம், பதினோராவது, நீ சொன்ன அந்தப் பெரிய செடி. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். உட்கார்ந்துகொண்டு படி.

செடிக்குப் பக்கத்தில் இருப்பது பாறை மட்டும் இல்லை. நானும் பாறை என்றுதான் நினைத்தேன். பெரிதாக்கிப் பார்த்தபோது பாறைக்குக் கை இருந்தது. கோணிச்சாக்கைக் கூம்பாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு, முழங்காலில் கை வைத்து ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். நேராகக் கேமராவைப் பார்க்கிறார். இடது கைச் சுண்டுவிரலில் பாதி இல்லை.

அப்பா. பத்தடி தூரத்தில். நீ கேமராவைத் துடைத்தது, எடுத்தது, மறுபடி துடைத்தது, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அவர் கத்தவில்லையே என்று உருகிவிடாதே. என் துணிகளை வீசியபோதும் அவர் வாயைத் திறக்கவில்லை. என் கல்யாணத்துக்கு வரவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவர் பேசாமல் இருந்தால் அது சம்மதம் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன்.

இப்போது வேலையைப் பேசுவோம். உயரம் தெரியும் ஒரே படம் இதுதான். தண்டு அவரைப் போல இரண்டு மடங்கு நிற்கிறது. எவனும் சோம்பு என்று சொல்ல முடியாது. ஆனால் இதைக் கொடுத்தால் அலுவலகத்தில் கேட்கப்போகும் முதல் கேள்வி, 'யார் இந்த ஆள்?' என்பதுதான். அந்தச் சரிவின் மேஸ்திரி. பூத்த செடியின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், ஆகவே அவருக்குத் தெரியும். ஒப்பந்தக்காரன் கழன்றுகொள்வான், மாட்டப்போவது அப்பா.

அவரைப் படத்திலிருந்து எடுத்துவிட என்னால் முடியும். சண்டை போட்ட மச்சானை எத்தனை குடும்பப் படத்திலிருந்து எடுத்திருக்கிறேன்! பிளேடு முனையால் சுரண்டி, மேலே சாம்பல் நிறம் தடவினால் வெறும் பாறைதான். கை துறுதுறுக்கிறது, மறைக்கமாட்டேன். ஆனால் அவரை எடுத்துவிட்டால் செடி மறுபடியும் சோம்பு ஆகிவிடும்.

அனுமதி இந்த மாதக் கடைசியில் கையெழுத்தாகிறதாம். நான் எதுவும் செய்யாமல் வைத்திருக்கிறேன். என்ன செய்யட்டும் என்று நீ சொல். இன்னொரு புதுச் சுருளும் இந்த உறையில் இருக்கிறது.

ஸபோஹத்

•

கோக்புலாக்
மே 21

அக்கா,

உன் கடிதத்தை ஹோலிதா அண்ணியின் கடையில் மாவு மூட்டைக்குப் பின்னால் நின்று படித்தேன். இரண்டு நாள் அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் ரொட்டி வைத்தேன், தேநீர் வைத்தேன். அவரும் என்னைப் பார்க்கவில்லை. பிறகு எனக்குக் கோபம் வந்தது. எதற்கு இரண்டு பேரும் இப்படி நடிக்கிறோம்?

நேற்றுக் காலை அவர் முற்றத்தில் சீவும் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். போய் எதிரில் நின்றேன்.

"அப்பா, நீங்க என்னைப் பாத்தீங்க."

கை நிற்கவில்லை. "எங்க?"

"மேல. படத்துல இருக்கீங்க."

கை நின்றது. "எந்தப் படத்துல? யாரு கழுவினது?"

"ஸபோஹத் அக்கா."

உன் பேரை இந்த முற்றத்தில் உரக்கச் சொன்னேன். உள்ளே அம்மாவின் கையிலிருந்து ஏதோ விழுந்தது.

கத்தியின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "என்னை அழிச்சுடச் சொல்லு அவகிட்ட" என்றார். "அதானே அவளுக்குப் பொழப்பு."

அவருக்கு உன் வேலை தெரிந்திருக்கிறது அக்கா. யார் சொன்னார்களோ.

"அழிச்சா செடி உயரம் தெரியாது. வேற யாராவது பக்கத்துல நிக்கணும்."

"எவன் வந்து நிப்பான் உனக்கு?"

"நான் நிப்பேன். முகம் தெரியற மாதிரி."

"பைத்தியமா உனக்கு? பொம்பள ஏறினா பால் வத்திடும்டி. ஆளுங்க சும்மா விடமாட்டானுங்க."

"ஒரு மாசமா ஏறிட்டுத்தான் இருக்கேன். வத்துச்சா?"

கத்தியை மறுபடி கல்லில் தேய்க்கத் தொடங்கினார்.

"வத்தினா வத்தட்டும்பா. சேறு வந்தா உங்க ஆளுங்க கூடாரத்தைச் சுருட்டிக்கிட்டுப் போயிடுவானுங்க. நாம எங்க போறது?"

எழுந்தார். அடிக்கப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அவர் படலுக்கு அருகே போயிருந்தார். "அவளும் இப்படியேதான் நின்னா" என்றார், என்னிடம் அல்ல, படலிடம்.

மத்தியானம் ஆலங்கட்டி மழை. போனேன். இந்தத் தடவை ஓடை வழியாக இல்லை, கூடாரத்தைத் தாண்டிப் போகும் பாதையில் போனேன். உள்ளே சீட்டுப் போடும் சத்தம் நின்றது. துர்தி அண்ணன் தலையை நீட்டி, "ஏ பாப்பா! எங்க போற? திரும்பு, திரும்பு!" என்று கத்தினார். நான் திரும்பவில்லை. முதுகு முழுக்கக் கல்லுக்காகக் காத்திருந்தது. விழுந்ததெல்லாம் ஆலங்கட்டிதான்.

கேமராவை ஒரு கல்லின் மேல் வைத்து, தானாக எடுக்கும் அந்த நெம்புகோலைத் திருகினேன். அது 'கிர்ர்' என்று முடிவதற்குள் ஓடிப்போய் அந்தப் பெரிய செடியின் பக்கத்தில் நிற்க வேண்டும். முதல் தடவை வழுக்கி விழுந்தேன், என் செருப்பு மட்டும் படத்தில் வந்திருக்கும். இரண்டாவது தடவை ஆலங்கட்டி மூக்கில் விழுந்து கண்ணை மூடிவிட்டேன். நாலாவது தடவை சரியாக நின்றேன். தலைத்துணியை எடுத்துவிட்டேன், முகம் மறையக்கூடாது என்று. கையை உயர்த்தினேன், அப்படியும் பூ எட்டவில்லை.

அந்தப் படத்தைக் கொடு. பள்ளியில் அளந்த என் உயரம் இந்தத் தாளின் பின்னால் இருக்கிறது, அதைப் படத்தின் பின்னால் எழுது. என் பேரையும் எழுது. முதலில் வேண்டாம் என்று சொன்னேன், இப்போது சொல்கிறேன், எழுது.

பதினோராவது படத்தைச் சுரண்டாதே, யாரிடமும் கொடுக்கவும் கொடுக்காதே. உன்னிடமே இருக்கட்டும். நீ போனபோது அப்பாவின் படம் ஒன்றுகூட எடுத்துப்போகவில்லை என்று எனக்குத் தெரியும்.

ஓய்தின்

•

சமர்கந்து
மே 27

ஓய்தின்,

கொடுத்தாகிவிட்டது. அதே ஜன்னல், அதே கண்ணாடிக்காரர். படத்தைப் பார்த்தார், திருப்பி உயரத்தைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"யாரு இந்தப் பொண்ணு? முக்காடு இல்லாம, கொட்டற மழையில?"

"என் தங்கச்சி."

"பேர் போடாம குடுத்துட்டுப் போங்களேன்மா. அவளுக்கு நல்லது."

"ஓய்தின். எர்கஷ் மகள். கோக்புலாக், ஒன்பதாம் வகுப்பு. எழுதிக்குங்க" என்றேன். "சோம்புன்னு சொன்னீங்களே, அதையும் எழுதிக்கிறீங்களா?"

எழுதிக்கொண்டார். நேரில் பார்க்காமல் கையெழுத்து ஆகாது என்றார். இந்த ஜன்னல்காரர்கள் சொன்னதை நம்ப வேண்டுமா என்று எனக்குத் தெரியாது.

உன் படத்தில் நான் எதையும் தொடவில்லை. மூக்கு சிவந்திருக்கிறது, முடி நாய்க்குட்டி மாதிரி ஒட்டிக்கிடக்கிறது. இந்த இரண்டு வருடத்தில் டச் அப் செய்யாமல் நான் வெளியே அனுப்பிய முதல் முகம் உன்னுடையது. இன்னொரு பிரதி போட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன், பதினோராவது படத்துக்குப் பக்கத்தில். நஃபோசத் இரண்டையும் நக்கிப் பார்க்கிறாள்.

ஸபோஹத்

•

கோக்புலாக்
ஜூன் 3

அக்கா,

வந்தார்கள். இரண்டு அதிகாரிகள், ஒரு ஜீப், கூடவே ஸஃபர். இடி முழங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் எல்லோரும் ஓடைப் பாலத்தில் நின்றோம், ஊரில் பாதிப் பேர்.

ஸஃபர் ஜீப் கதவைத் திறக்கவே விடவில்லை. "மழையில எதுக்குங்க ஐயா? மேல ஒண்ணும் இல்ல, வெறும் புல்லு. சூடா புலாவ் இருக்கு, சாப்பிட்டுட்டுக் கிளம்புங்க."

"நான் காட்டறேன்" என்றேன். என் குரல்தான் அது என்று எனக்கே முதலில் தெரியவில்லை.

ஒருவர் சட்டைப் பையிலிருந்து படத்தை எடுத்தார். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீதானா?"

"நான்தான்."

முன்னால் நடந்தேன். வெட்டும் ஆட்கள் இரண்டு பக்கமும் நின்றார்கள். ஒருவர் காறித் துப்பினார். துர்தி அண்ணன் மட்டும், "வழி விடுங்கடா, படிச்ச நரி போகுது" என்றார். கேலியா என்று தெரியவில்லை, ஆனால் வழி விட்டார்கள்.

மேலே போனால் செடி இல்லை அக்கா. உடைத்துவிட்டார்கள். மேல்பாதி முழுக்க ஒரு மஞ்சள்கூட இல்லை. ஸஃபர் சிரித்தான். "நான்தான் சொன்னேனே ஐயா."

நான் சுற்றிப் பார்த்தேன். பாறை இருந்தது. பாறையின் பக்கத்தில் மழைத்தண்ணீர் தேங்கிய ஒரு குழாய் மாதிரி அடித்தண்டு இருந்தது, என் மணிக்கட்டைவிடத் தடிமன். நான் போய் அதன் பக்கத்தில், படத்தில் நின்ற அதே இடத்தில் நின்று, கையை உயர்த்தினேன். அதிகாரி படத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்தார். அதே பாறை, பாறையில் அதே வெடிப்பு, அதே நான். நடுவில் செடி மட்டும் இல்லை.

பிறகு அவர் திரும்பி அப்பாவிடம் கேட்டார். "மேஸ்திரி, இங்க பூ இருந்துச்சா?"

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்க்கவில்லை. தான் உட்கார்ந்திருந்த பாறையைப் பார்த்தார்.

"இருந்துச்சு" என்றார்.

அவ்வளவுதான். ஆனால் அதிகாரிகள் மற்ற அடித்தண்டுகளையும் தேடித் தேடிப் பார்த்தார்கள். ஓடையில் கிடந்ததையும் இழுத்துப் போட்டார்கள். விதை பிடித்த தலைகளைச் சரிவில் உதறிவிட்டு வரச் சொன்னார்கள், நானும் அத்தையும் உதறினோம். கிழக்குச் சரிவுக்கு அனுமதி கிடையாது என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். மறுநாள் ஸஃபர் கூடாரத்தைச் சுருட்டினான். அப்பாவுக்கு இனி மேஸ்திரி வேலை இல்லை.

அவர் என்னோடு பேசுவதில்லை. இப்போது அப்பா பேசாத மகள்கள் இரண்டு பேர். ஆனால் நான் எங்கேயும் போகவில்லை. இங்கேயே, அவர் கண்ணில் படும் இடத்தில் இருக்கிறேன். தலையில் இன்னும் பெருங்காயம் நாறுகிறது. தயிர் தேய்ப்பதை நிறுத்திவிட்டேன்.

இதைப் பகலில் எழுதுகிறேன். முற்றத்து மேசையில். அப்பா இப்போதுதான் வாளியோடு பக்கத்தில் போனார், யாருக்கு எழுதுகிறேன் என்று அவருக்குத் தெரியும். உறையின் பின்னால் என் பேரையும் வீட்டு முகவரியையும் பெரிதாக எழுதப்போகிறேன். இனி ஹோலிதா அண்ணி வேண்டாம். பதிலை இந்த வீட்டுக்கே போடு, உன் பேரை எழுதிப் போடு.

ஓய்தின்